காட்டுமாடு ஏன் முட்டாமல் விலகுகிறது?

வால்பாறைத் தேயிலைச் சரிவுகளில் காட்டுமாடு அரிய காட்சி அல்ல. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலையில் முதலில் பார்ப்பதே, அன்றைக்கு எந்தச் சரிவில் மாடு நிற்கிறது என்பதைத்தான். இரண்டு பெரிய காளைகள் அங்கே எதிர்ப்பட்டுவிட்டால், தள்ளி நின்று பார்ப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். வளர்ந்த காளை ஆயிரம் கிலோவைத் தொடும் விலங்கு. அதன் கொம்பு ஒரே குத்தில் வயிற்றைக் கிழிக்கும்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. இரண்டும் முகத்துக்கு முகம் நிற்காமல் உடலைத் திருப்பிப் பக்கவாட்டைக் காட்டி நிற்கின்றன. தலை தாழ்கிறது, முதுகு வளைகிறது. தோளிலிருந்து நடுமுதுகு வரை ஓடும் அந்த மேடு இன்னும் உயர்ந்து தெரிகிறது. பிறகு கால்களை விறைத்துக்கொண்டு, ஓரடி ஓரடியாக எடுத்து வைத்து, ஒன்றையொன்று பார்க்காதது போலச் சுற்றி வருகின்றன. இப்படியே நேரம் போகும். கடைசியில் ஒரு காளை, ஒன்றும் நடக்காதது போல மேய்ந்துகொண்டே விலகிவிடும். கொம்போடு கொம்பு ஒரு தடவைகூடப் படவில்லை.

ஏன்? நம்மிடம் உடனே வரும் பதில், 'தன் இனத்தைத் தானே அழிக்காது, அதுதான் மிருகத்தின் தர்மம்' என்பது. ஊர்ப் பேச்சில் மட்டுமல்ல, அறிவியலிலும் நெடுநாள் இந்தப் பதில்தான் இருந்தது. விலங்கு நடத்தை ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரும், 1973-இல் நோபல் பரிசு பெற்றவருமான கொன்ராட் லோரென்ஸ், ஆயுதம் தாங்கிய விலங்குகள் தம் இனத்தோடு சடங்கு போலச் சண்டையிட்டுப் பிரிவது இனத்தின் நலனுக்காகத்தான் என்று எழுதினார். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு.

ஆயிரம் சாதுவான காளைகள் உள்ள காட்டில், பக்கவாட்டைக் காட்டி நிற்கும் எதிரியின் விலாவில் நேராகக் குத்திவிடும் ஒரு காளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரிகள் எல்லாரும் விலகிப் போகிறவர்கள். பசுக்கள் எல்லாம் இவனுக்கே. கன்றுகளும் இவனுடையவையே. அந்தக் குணம் பரம்பரையாக இறங்குமானால், சில தலைமுறைகளில் காடு முழுவதும் குத்துகிறவர்களாக நிறைந்துவிடும். 'இனத்தின் நலன்' என்பது அந்த ஒற்றைக் காளையை எப்படித் தடுக்கும்? தடுக்காது. 1960களில் தார்வாட் பக்கம் மந்திகளைக் கவனித்த ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா, கூட்டத்தைக் கைப்பற்றும் புதிய ஆண் மந்தி அங்கிருக்கும் கைக்குட்டிகளைக் கொல்வதைப் பதிவு செய்தார். அடுத்த பத்தாண்டில் அபு மலையில் ஆய்வு செய்த சாரா ஹர்டி அதற்கு விளக்கம் தந்தார்: பால்குடிக்கும் குட்டியை இழந்த தாய் சீக்கிரம் மறுபடி இனச்சேர்க்கைக்குத் தயாராகிறாள், அதனால் புதிய ஆணுக்கு வாரிசு சீக்கிரம் கிடைக்கிறது. இதில் இனத்துக்கு என்ன நன்மை? ஒன்றுமே இல்லை.

ஆக, கேள்வி தலைகீழாகிறது. குத்துவது குத்துகிறவனுக்கு இவ்வளவு லாபம் என்றால், குத்தாமல் விலகும் காளை எப்படி இன்னும் மிஞ்சியிருக்கிறது?

இதற்கு முதல் விடை கண்டவர் விலங்கியல் படித்தவர் அல்ல. ஜார்ஜ் பிரைஸ் என்ற அமெரிக்கர் வேதியியலில் பட்டம் பெற்றவர். 1967-இல் லண்டனுக்கு வந்து, நூலகங்களில் உட்கார்ந்து தானாகவே மரபியல் கற்றார். மான்களுக்கு இவ்வளவு பெரிய கொம்பு இருந்தும் அவை ஏன் ஒன்றையொன்று கொன்றுவிடுவதில்லை என்று கேட்டு, 1968-இல் 'நேச்சர்' இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். இதழ் அதை மதிப்பிடச் சொன்னது ஜான் மேனார்ட் ஸ்மித்திடம். போர்க்காலத்தில் விமானப் பொறியாளராக வேலை பார்த்து, அப்புறம் உயிரியலுக்கு மாறி, ஜே.பி.எஸ். ஹால்டேனிடம் பயின்றவர் அவர். இந்தியாவுக்கே குடிவந்து புவனேஸ்வரில் மறைந்த அதே ஹால்டேன்தான். கட்டுரை மிக நீளம், சுருக்கினால் வெளியிடலாம் என்றார் மேனார்ட் ஸ்மித். பிரைஸ் சுருக்கவில்லை, கட்டுரையும் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே யோசனையைத் தானே வளர்த்தெடுத்தபோது, இது பிரைஸுடைய விதை என்பதை மேனார்ட் ஸ்மித் மறக்கவில்லை. தேடிப் பிடித்து, 1973-இல் இருவர் பெயரிலும் வெளியிட்டார். அறிவியல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று. பிரைஸ் அதற்குள் மதத்தில் மூழ்கி, இருந்ததையெல்லாம் வீடற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். 1975 ஜனவரியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி ஆட்டக் கோட்பாடு. 1944-இல் ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னும் பொருளாதாரத்துக்காக விரிவாக்கிய கணிதம் அது. ஒருவருக்கு எது நல்ல முடிவு என்பது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கும் இடங்களுக்கெல்லாம் அது பொருந்தும். குளிருக்கு எவ்வளவு மயிர் வேண்டும் என்ற கேள்விக்குப் பக்கத்து விலங்கைப் பார்க்க வேண்டியதில்லை. சண்டைக்கு அப்படியில்லை. சாதுக்கள் நடுவே முரடனாக இருப்பது லாபம், முரடர்கள் நடுவே முரடனாக இருப்பது தற்கொலை. மனித ஆட்டக்காரர்கள் யோசித்து முடிவெடுப்பார்கள் என்பது அந்தக் கணிதத்தின் அனுமானம். மேனார்ட் ஸ்மித் யோசனையையே வெளியே எடுத்துவிட்டார். உத்தி என்பது பிறவியிலேயே வருவது. மதிப்பெண் என்பது எத்தனை வாரிசு என்பது. அதிக மதிப்பெண் எடுக்கும் உத்தி அடுத்த தலைமுறையில் பெருகும். கணக்குப் போடுவது இயற்கைத் தேர்வு, காளை அல்ல.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம், கஷ்டமில்லை. இரண்டே உத்திகள். 'பருந்து' எப்போதும் தாக்கும். 'புறா' பாவனை காட்டும், எதிராளி தாக்கினால் ஓடிவிடும். பரிசின் மதிப்பு 20, காயத்தின் விலை 50 என்று வைப்போம். பருந்தும் புறாவும் சந்தித்தால் பருந்துக்கு 20, புறாவுக்கு 0. இரண்டு புறாக்கள் சந்தித்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு, சராசரி 10. இரண்டு பருந்துகள் சந்தித்தால் ஒன்று 20 பெறும், மற்றொன்று 50 இழக்கும், சராசரி மைனஸ் 15.

எல்லாரும் புறாவாக இருக்கும் காட்டில் ஆளுக்கு 10. அங்கே ஒரு பருந்து நுழைந்தால் அதற்கு 20, எனவே பெருகும். ஆனால் பெருகப் பெருகப் பருந்துகள் பருந்துகளையே சந்திக்கும். எல்லாரும் பருந்தாகிவிட்டால் ஆளுக்கு மைனஸ் 15. அப்போது ஓடிப்போகும் புறாவின் 0 மேலானது, எனவே புறா பெருகும். இரண்டும் எங்கே நிற்கும்? 100-இல் 40 பருந்து, 60 புறா என்ற இடத்தில். அங்கே பருந்தின் சராசரி 6, புறாவின் சராசரியும் 6. விகிதம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எதிர்ப்பக்கத்துக்கு லாபம் கூடி, மறுபடி அங்கேயே திரும்பும். இப்படி எந்த மாற்று உத்தியாலும் உள்ளே புகுந்து கலைக்க முடியாத நிலையைத்தான் மேனார்ட் ஸ்மித் 'பரிணாமத்தில் நிலைத்து நிற்கும் உத்தி' என்றார். பருந்தின் பங்கு எப்போதும் பரிசை விலையால் வகுத்தால் வருவது, இங்கே 20-ஐ 50-ஆல்.

இந்தக் கணக்கில் என்னை நிறுத்தி வைக்கும் எண் அந்த 6. எல்லாரும் புறாவாகவே இருந்திருந்தால் ஆளுக்கு 10 கிடைத்திருக்கும். எல்லாருக்கும் நல்லதான ஒரு நிலை கண்ணெதிரே இருந்தும், பரிணாமம் அங்கே போய் நிற்காது, ஏனென்றால் அங்கே நின்றால் ஒரு ஏமாற்றுக்காரன் போதும் கலைக்க. இயற்கை எதைச் செய்தாலும் நல்லதற்கே என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே கொஞ்சநேரம் நின்று பார்க்க வேண்டும்.

அந்த இழந்த 4 மதிப்பெண்ணைத் திரும்பப் பெற ஒரு வழி உண்டு. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பாலக்காட்டு பஸ் வந்து நிற்கும்போது ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டுக்குச் சட்ட பலம் எதுவும் கிடையாது. ஆனாலும் பின்னால் ஏறுகிறவர் முணுமுணுத்துக்கொண்டே வேறு இடம் தேடுகிறார். 'முதலில் பிடித்தவன் விடமாட்டான், பின்னால் வந்தவன் விலகுவான்' என்ற வழக்கம் இருந்தால் அடிதடிக்கு இடமில்லை. நம் கணக்கில் இதைச் சேர்த்தால், பாதி நேரம் நீங்கள் முதலில் வந்தவர், பாதி நேரம் பின்னால் வந்தவர், சராசரி 10. இதற்குள் பருந்து நுழைந்தால் அதற்கு 2.5-தான், புறா நுழைந்தால் 5-தான். வழக்கம் அசையாமல் நிற்கும். 1978-இல் இங்கிலாந்துக் காடொன்றில் வெயில் திட்டுகளுக்காகப் போட்டியிடும் ஆண் வண்ணத்துப்பூச்சிகளிடம் இதைக் கண்டதாக நிக் டேவிஸ் எழுதினார். திட்டில் முதலில் இருந்தவனே ஒவ்வொரு முறையும் வென்றான். அவனைப் பிடித்து வைத்துவிட்டு, வேறொருவன் குடியேறிய பின் விட்டால், பழையவன் தோற்றுத் திரும்பினான். வெயிலில் இருந்ததால் உடல் சூடேறியவனே வெல்கிறான் என்று பின்னால் வந்தவர்கள் மாற்று விளக்கமும் சொன்னார்கள். கணிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பூச்சியிடம் போய்க் கேட்காமல் முடிவு கட்டக் கூடாது.

சரி, காட்டுமாட்டுக்கு வருவோம். பருந்து-புறா கணக்கில் இரு தரப்பும் சமபலம், கண்ணைக் கட்டிக்கொண்டு மோதுகின்றன. உண்மையில் எந்தக் காளையும் இன்னொன்றுக்குச் சமமில்லை. எதிரி தன்னைவிடப் பெரியவன் என்று முன்பே தெரிந்தால், தோற்கப் போகிற சண்டையில் காயம் வாங்குவது வீண். வெல்லப் போகிறவனுக்கும் அதே வீண்தான், ஏனென்றால் தோற்கிறவன் கொம்பும் குத்தும். ஆகவே, மோதுவதற்கு முன்னால் அளந்துகொள்வது இரண்டு பேருக்கும் லாபம். பக்கவாட்டைக் காட்டிச் சுற்றுவது அந்த அளவெடுப்புதான். உடலின் மிகப் பெரிய பரப்பை எதிரிக்குக் காட்டும் நிலை அது. இதில் பொய் சொல்வது கடினம், 700 கிலோ காளை எவ்வளவு முதுகை வளைத்தாலும் 1000 கிலோ ஆகிவிடாது. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களை ஆராய்ந்த டிம் கிளட்டன்-பிராக்கும் ஸ்டீவ் ஆல்பனும் 1979-இல் இதே படிநிலையைக் காட்டினார்கள். முதலில் மாறி மாறிக் கர்ஜனை. அதில் தீராவிட்டால் இணையாக நடை. அதிலும் தீராவிட்டால்தான் கொம்பு. கர்ஜிக்க மார்புத் தசை வேண்டும், களைத்த மானால் வேகமாகத் தொடர்ந்து கர்ஜிக்க முடியாது. காட்டுமாடும் சில சமயம் உண்மையாகவே மோதுகிறது. அளவெடுப்பில் யாரும் விலகாத அளவுக்கு இருவரும் சமமாக இருக்கும்போது அப்படி நடப்பதை எதிர்பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் காளையைப் புத்தர் ஆக்கிவிடக் கூடாது. அதே கணக்கு வேறு எண்களோடு போட்டால் கொலை வரும். அதைப் பார்க்க ஆழியாறு ஓடைக்கரை அத்திமரத்துக்குப் போகலாம். 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை' என்பார்கள். அந்தச் சொத்தையில் இருக்கும் பூச்சிகளில் முக்கியமானது அத்திக் குளவி. தாய்க் குளவி சிறு துளை வழியே காய்க்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் பூக்களில் முட்டையிட்டுவிட்டு இறக்கிறது. பிறக்கும் ஆண்களுக்கு இறக்கை கிடையாது. காய்க்குள்ளேயே கூடி, பெண்கள் வெளியேற வழி குடைந்து கொடுத்து மடிந்துவிடும். வெளியுலகம் அவற்றுக்கு இல்லை. பில் ஹாமில்டன் 1967-இல் இதிலிருந்து ஒரு கணிப்பைச் சொன்னார். ஒரே தாய் நுழைந்த காயில், அவளுடைய மகன்கள் தங்களுக்குள்ளேதான் போட்டியிட வேண்டும், அதனால் பெண்களைக் கருவுறச் செய்யப் போதுமான சில மகன்கள் இருந்தால் போதும், மீதி எல்லாம் மகள்களாக இருப்பதே லாபம். இரண்டு தாய்கள் நுழைந்தால் மகன்கள் 25 சதவீதம். ஐந்து பேர் நுழைந்தால் 40. எண்ணிக்கை கூடக் கூடப் பாதியை நெருங்கும். பின்னர் காய்களைப் பிளந்து எண்ணியவர்கள் இந்தப் போக்கையே கண்டார்கள். ஒரு கடுகளவுப் பூச்சி, இன்னும் யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்பதற்கேற்ப மகன்-மகள் விகிதத்தை மாற்றுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த முடிவு இதுதான்.

அதே ஹாமில்டன் பிரேசிலின் அத்திகளில் வேறொன்றையும் பார்த்து 1979-இல் எழுதினார். சில குளவி வகைகளின் ஆண்கள் பெரிய தாடைகளோடு பிறந்து, காய்க்குள் ஒன்றையொன்று வெட்டிக் கொல்கின்றன. பாவனை இல்லை, அளவெடுப்பு இல்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. இன்று தோற்ற காட்டுமாட்டுக்கு அடுத்த ஆண்டு உண்டு, அதற்கடுத்த ஆண்டும் உண்டு. உயிர் பிழைத்திருப்பதற்கு மதிப்பு அதிகம், எனவே காயத்தின் விலையும் அதிகம். குளவிக்கு அந்தக் காயைத் தவிர எதிர்காலமே இல்லை. சாவின் விலை பூஜ்ஜியத்தை ஒட்டி விழுகிறது, பரிசு விலையைத் தாண்டுகிறது. பரிசை விலையால் வகுத்தால் ஒன்றுக்கு மேல் போகும்போது, காடு முழுக்கப் பருந்துதான். காளையின் நிதானமும் குளவியின் கொலையும் ஒரே சூத்திரத்தின் இரண்டு விடைகள். ஒன்றை நல்லது என்றும் மற்றதைக் கெட்டது என்றும் பிரிக்கும் வேலை இந்தக் கணிதத்துக்குத் தெரியாது.

சில ஆட்டங்களில் கணக்கு ஒரு புள்ளியில் நிற்கவே நிற்காது. கலிபோர்னியாவில் ஒரு சிறு பல்லியினத்தில், ஆண்களின் தொண்டை நிறம் மூன்று வகை. ஆரஞ்சுத் தொண்டைக்காரன் பெரிய எல்லையைப் பிடித்து நீலத்தை அடித்து விரட்டுகிறான். பெண் போலத் தோற்றமளிக்கும் மஞ்சள், காவல் தளர்ந்த ஆரஞ்சின் எல்லைக்குள் நுழைந்து திருட்டுத்தனமாகக் கூடுகிறான். தன் துணையை விடாமல் காக்கும் நீலத்திடம் மஞ்சளின் வித்தை பலிப்பதில்லை. மூன்றும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. பாரி சினெர்வோவும் கர்டிஸ் லைவ்லியும் 1996-இல் வெளியிட்டது இது.

'நீ எனக்குச் செய்தால் நான் உனக்குச் செய்வேன்' என்ற கைமாற்று ஒத்துழைப்பைப் பற்றி ராபர்ட் ஆக்சல்ராடும் ஹாமில்டனும் 1981-இல் எழுதியது இவற்றையெல்லாம்விடப் புகழ் பெற்றது. மனிதர்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. விலங்குகளில் உறுதியான உதாரணங்கள், முதலில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே கிடைத்திருக்கின்றன. அதனால் அங்கே நான் தங்கவில்லை.

தங்க வேண்டிய இடம் யானை. நம் மலைகளின் பெரிய ஆட்டக்காரன் அதுதான். கொம்பன்களுக்கு நடுவே யார் வெல்வது என்றால், தந்தம் நீளமானவன் என்றுதான் தோன்றும். கற்பகம் செல்லையாவும் ராமன் சுகுமாரும் காசிரங்காவில் கொம்பன்களையும் தந்தமில்லாத ஆண்களான மக்னாக்களையும் கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தந்தத்துக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது. அதைவிட உடல் அளவு முக்கியம். அதையும்விட முக்கியம் மதம். மதத்தில் இருக்கும் ஆண், தன்னைவிடப் பெரிய, மதத்தில் இல்லாத ஆணை விலகச் செய்கிறது. கென்யாவின் அம்போசெலியில் ஜாய்ஸ் பூல் ஆப்பிரிக்க யானைகளிடமும் இதையே கண்டிருந்தார்.

மதம் பிடிப்பது பைத்தியம் பிடிப்பது அல்ல. ஆண்டில் சில வாரமோ சில மாதமோ, கன்னச் சுரப்பியிலிருந்து நீர் வழிய, சிறுநீர் சொட்டிக்கொண்டே, தீனியைக் குறைத்துக்கொண்டு பெண்களைத் தேடி அலையும் காலம். உடல் இளைக்கும். 'இப்போது எனக்குப் பரிசின் மதிப்பு மிக அதிகம், என்ன விலையும் கொடுப்பேன்' என்பதை எதிரிக்கு வாசனையாலும் நடையாலும் அறிவிக்கும் நிலை. கோழிகமுத்தி யானை முகாமில் மதத்தில் இருக்கும் யானையைப் பாகன்கள் தனியே கட்டி வைப்பது அதன் முரட்டுத்தனத்துக்காக. ஆனால் காட்டில் அதே அறிவிப்பு சண்டைகளைக் குறைக்கவும் செய்கிறது, ஏனென்றால் எதிரே வருகிறவன் பெரும்பாலும் வழிவிட்டுவிடுகிறான். பொய்யாக அறிவிக்க முடியாதா என்றால், அந்த உடல் செலவைத் தாங்க முடியாதவனால் நெடுநாள் முடியாது. அதோடு, இளைய ஆண் மதத்தில் இருக்கும்போது மூத்தவன் ஒருவன் வந்து மிரட்டினால், இளையவனின் மதம் அடங்கிவிடுவதும் உண்டு.

மூத்தவர்களையே எடுத்துவிட்டால்? தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க்கில் அது நடந்தது. வேறிடத்தில் சுட்டுக் குறைக்கப்பட்ட கூட்டங்களின் அநாதைக் குட்டிகளை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்த ஆண்கள் வளர்ந்து, வயதுக்கு முன்பே மதம் கொண்டு, அதிலேயே நீடித்து, 1992 முதல் 1997 வரை 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் க்ரூகர் பூங்காவிலிருந்து ஆறு மூத்த ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இளையவர்களின் மதக்காலம் சுருங்கியது, கொலைகள் நின்றன.

கம்பம் மெட்டுக்கு அந்தப் பக்கம் பெரியாறு காட்டில் நாமும் ஒரு காலத்தில் மூத்தவர்களை எடுத்தோம். தந்தத்துக்காக நடந்த வேட்டையில் கொம்பன்கள் மட்டும் குறிவைத்துக் கொல்லப்பட்டு, ஒரு வளர்ந்த ஆணுக்குச் சுமார் நூறு பெண்கள் என்ற அளவுக்கு விகிதம் சரிந்தது. இப்போது வேட்டை அப்படியில்லை. ஆனால் தனி ஆண்களைப் பிடித்து இடம் மாற்றுவது நடக்கிறது. 2023 ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட, அரிசிக்காக வீடுகளை உடைத்த அரிக்கொம்பன் என்ற ஆண் யானை பெரியாறில் விடப்பட்டது. மே மாதக் கடைசியில் கம்பம் நகரத் தெருவில் வந்து நின்றது. ஜூன் தொடக்கத்தில் தமிழக வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மலைமேல் கொண்டுபோய் விட்டது. அப்போது இரண்டு மாநிலத்திலும் நடந்த வாதங்களில் அரிசி, வீடு, உயிர், இரக்கம் எல்லாம் பேசப்பட்டன, பேச வேண்டியவைதான். சின்னக்கானலில் அதற்குப் பயந்து அடங்கியிருந்திருக்கக்கூடிய இளைய ஆண்கள் இனி என்ன செய்யும், களக்காட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆண்களுக்குள் யார் யாருக்கு வழிவிடுவது என்பது எப்படி மாறும் என்ற கேள்வி அந்த வாதங்களில் என் காதில் விழவில்லை. அடுத்த யானைக்கு மயக்க ஊசி போடும் முடிவை எடுக்கும் குழுவில், அந்தக் காட்டின் ஆண் யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.